சொந்தப் பாடல்களை ஓர் ஆடியோ நிறுவனம் விலைக்குக் கேட்கிறது: இசைத்தொழிலில் பணம் எந்த வழியில் வருகிறது?

பாம்பன் கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர் சேர்ந்து கோயில் திருவிழாக்களிலும் தேவாலயத் திருநாள்களிலும் திருமண வீடுகளிலும் மேடைக் கச்சேரி நடத்திவருகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களில் இருவருக்குக் கடல்வேலை இருக்காது என்பதால், அந்த நாள்களில் உட்கார்ந்து சொந்தமாக ஆறு பாடல்களை உருவாக்கி, மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்கள் கைப்பணத்தைப் போட்டுப் பதிவும் செய்துவிட்டோம். மெட்டு என்னுடையது. வரிகளை உச்சிப்புளியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் எழுதினார். பாடியவர் எங்கள் குழுவின் பாடகி. ஒரு பாடலின் பல்லவி மட்டும், கரைவலை இழுக்கும்போது எங்கள் தாத்தாக்கள் பாடிய அம்பாப் பாட்டிலிருந்து எடுத்தது.

மேடையில் எங்கள் பாடலைக் கேட்ட ஒருவர் மூலமாகச் சென்னையிலுள்ள ஓர் ஆடியோ நிறுவனம் தொடர்புகொண்டு, ஆறு பாடல்களுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் தருவதாகச் சொல்லி ஒப்பந்தப் படிவத்தை அனுப்பியிருக்கிறது. "உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எல்லா உரிமைகளும்" என்று அதில் எழுதியிருக்கிறது. பதிவுக்குச் செலவான பணம் திரும்பிவிடும் என்பதால் நண்பர்களில் இருவர் கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு இந்தத் தொழில் எனக்குத் தெரியாது. ஒரு பாடலிலிருந்து யார் யாருக்கு, எதற்காகப் பணம் வருகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கீழக்கரைக் கணக்கர்

சென்னையில் ஓர் ஆடியோ நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஒரு பாடல் என்று சொல்வதைச் சட்டம் மூன்று தனித்தனிச் சொத்துகளாகப் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப்படைப்பு, இரண்டையும் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொரு படைப்பு. வரிகளுக்கு உரியவர் உங்கள் ஆசிரிய நண்பர், மெட்டுக்கு உரியவர் நீங்கள். ஒலிப்பதிவுக்கு உரியவர் அதை உருவாக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர் என்று சட்டம் சொல்வதால், கைப்பணத்தைப் போட்ட உங்கள் குழுவே அதன் தயாரிப்பாளர். உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் ஒரு சிறிய ஆடியோ நிறுவனமாக ஆகிவிட்டீர்கள். சென்னைக்காரர்கள் கேட்பது மூன்றையும் சேர்த்து.

இப்படி மொத்தமாகக் கேட்பது அவர்களுக்கு ஏன் இயல்பாக வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் இசை வணிகம் வளர்ந்ததே திரைப்படத்தின் நிழலில்தான். படத் தயாரிப்பாளர் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஒருமுறை சம்பளம் கொடுத்துவிடுவார். பிறகு படம் வெளிவருமுன் ஆடியோ உரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்பார். அதன்பின் இசைத்தட்டோ, ஒலிநாடாவோ, குறுந்தகடோ எத்தனை விற்றாலும் வரவு நிறுவனத்துக்கே. படத்துக்காகச் சம்பளம் வாங்கி இசையமைத்தால் அந்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் இந்த வழக்கம் மேலும் இறுகியது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாட, 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், பாடல் பயன்படும்போதெல்லாம் உரியவருக்குச் சேரும் தொகையான ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமை அவர்களிடமே தங்கும் என்ற நிலை வந்தது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஒலிப்பது மட்டும் விலக்கு. திரைப்படத்தைச் சேராத தனிப்பாடல்களுக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும். இதைக் கைவிடுவதாக நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அந்த வாசகம் செல்லாது. உங்களுக்கு வந்த படிவம் பழைய சினிமா அச்சில் வார்த்தது என்று நினைக்கிறேன். அதில் ராயல்டி என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இனி வரவுக்கு வருவோம். இன்று பெரும்பகுதி இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிகளிலிருந்து வருகிறது. ஒருமுறை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை அங்கே கிடையாது. ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் சந்தாவாகவும் விளம்பரமாகவும் சேரும் பணத்தில் செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்புகளில் ஒவ்வோர் உரிமையாளரின் பாடல்களுக்குள்ள விகிதப்படி பிரிக்கிறது. அதனால் நம் ஊரில் ஒருவர் இலவசமாகக் கேட்பதும் சிங்கப்பூரில் ஒருவர் சந்தா கட்டிக் கேட்பதும் ஒரே மதிப்புடையவை அல்ல. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போயிருக்கும் நம் மக்கள் உங்கள் பாடலைக் கேட்பார்களானால் அதுவே கணக்கில் கனமாக நிற்கும். இன்னொன்று: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் சொந்தச் சேனல் வழியாக விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்கு வேறு அளவு உண்டு.

மற்ற வழிகள் வானொலி, தொலைக்காட்சி, கடைகளிலும் விடுதிகளிலும் ஒலிபரப்புவது, விளம்பரத்திலோ படத்திலோ பாடலைச் சேர்க்கக் கொடுக்கும் அனுமதி ஆகியவை. காலர் டியூன் ஒரு காலத்தில் பெரிய வரவாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

கடைசியாக, அந்த 60,000 ரூபாய் விலையா, முன்பணமா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணமாக இருந்தால், வியாபாரியிடம் பணம் வாங்கிய படகுக்காரர் கடன் தீரும்வரை பிடித்த மீனை அவருக்கே போடுவதைப் போலத்தான்: உங்கள் பங்கு ராயல்டியில் அந்தத் தொகை கழியும்வரை கைக்கு ஒன்றும் வராது. அதோடு விளம்பரச் செலவு, காணொளிச் செலவு என்று அவர்கள் எழுதும் ஒவ்வொரு செலவும் உங்கள் பற்றில் ஏறும். எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

மேடைக்காரன், இராமநாதபுரம்

கணக்கர் அண்ணன் சொன்ன சட்டமெல்லாம் சரி. ஆனால் அவர் நிறுவனத்தின் பக்கமிருந்து தொழிலைப் பார்த்தவர். நான் ஆர்கெஸ்ட்ரா நடத்திப் பிழைப்பவன். பெயர் பரவாத குழுவுக்குச் செயலிகளிலிருந்து வரும் தொகை ஒலிபெருக்கி வாடகைக்கும் காணாது என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். நம் போன்றவர்களுக்குப் பணம் மேடையில்தான் இருக்கிறது. மாரியம்மன் கோயில் முளைப்பாரி, ஏர்வாடிச் சந்தனக்கூடு, மாதா திருநாள் என்று இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு விழா நடக்கிறது. சினிமாவுக்கு வெளியே பாட்டு விலைபோகாது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் ஆள் இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபா. அவர் இசைத்தட்டிலும் மேடையிலும் திரட்டிய கூட்டம் பெரும்பாலும் திரைப்படம் கொடுத்த கூட்டமன்று.

ஆகவே நான் கவலைப்படுவது வேறோர் இடத்தில். எல்லா உரிமைகளும் என்று எழுதிக் கொடுத்தால் பொதுவெளியில் நிகழ்த்தும் உரிமையும் அதில் போய்விடும். பிறகு உங்கள் பாட்டை உங்கள் மேடையிலேயே பாடுவதற்கு அனுமதி வாங்கு என்று யாராவது வந்து நின்றால் உங்களால் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு வரியை வெட்டச் சொல்லுங்கள்.

மேடையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விழாக் குழுவினர் இதை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். திரைப்பாடல்களை நேரடியாகப் பாடும் கச்சேரிக்கு மெட்டுக்கும் வரிகளுக்கும், இசையமைப்பாளர்கள் பாடலாசிரியர்கள் சார்பில் பணம் திரட்டும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். பதிவு செய்த பாடலையோ கரோக்கே டிராக்கையோ ஓடவிட்டால் ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும். உண்மையான சமயச் சடங்குகளுக்கும், திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நட்சத்திர இரவை அந்த விலக்குக்குள் நுழைக்க முடியாது. உரிமம் எடுப்பது நடத்துபவரின் பொறுப்பு என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாம்பன் கரையான்

இருவருக்கும் நன்றி. படிவத்தில் ராயல்டி என்ற சொல் எங்கும் இல்லை. 60,000 ரூபாய் "முழு மற்றும் இறுதித் தொகை" என்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. பாடிய பெண்ணுக்கு இதில் உரிமை ஏதும் உண்டா, அல்லது அவருக்கு ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாமா? அம்பாப் பாட்டை நாங்கள் பயன்படுத்தியது தவறாகுமா? அதை அந்த நிறுவனம் வாங்கிவிட்டால், எங்கள் ஊர் மக்கள் பிறகு அதைப் பாட முடியாமல் போகுமா?

பரமக்குடி வழக்குரைஞர்

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் அச்சம் அதிகமாகத் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த, ஆக்கியோன் பெயர் அறியாத அம்பாப் பாட்டுக்கு இன்று தனி உரிமையாளர் எவரும் இல்லை. அதை யாரும் பாடலாம், பதியலாம். நீங்கள் அதற்குப் புதிதாகச் சேர்த்த மெட்டும் வரிகளும் மட்டுமே உங்களுடைய படைப்பு. நிறுவனத்துக்கு நீங்கள் விற்கக்கூடியதும் அவ்வளவுதான். தொடுவாய்க் கரையில் நாளை யாராவது அதே பல்லவியைப் பாடினால் சட்டப்படி எவராலும் தடுக்க முடியாது. ஆனால் நடைமுறையில் ஒரு தொல்லை வரும். யூடியூபில் பதிவுகளைத் தானாக ஒப்பிட்டு உரிமை கோரும் ஏற்பாட்டில் உங்கள் பதிவு சேர்க்கப்பட்டால், அதே பல்லவியைப் பாடிப் பதிவேற்றிய ஊர்க்காரரின் காணொளிமீதும் கோரிக்கை விழலாம். அவருடைய விளம்பர வருமானம் அது தீரும்வரை நிற்கும். எனவே பல்லவி மரபுப் பாடல் என்பதை ஒப்பந்தத்திலும் பாடல் விவரங்களிலும் வெளிப்படையாக எழுதுங்கள். மரபுக்கு உரியதை இசை என்று தம் பெயரில் போட்டுக்கொள்பவர்கள் இந்தத் துறையில் குறைவில்லை. நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

பாடகிக்கு உரிமை உண்டு. நிகழ்த்துநர் உரிமை என்ற பெயரில் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதைத் தருகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012 திருத்தம் பாடகர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கோரும் வழியைத் திறந்தது, இசையமைப்பாளருக்கு ஐ.பி.ஆர்.எஸ். இருப்பதைப் போலப் பாடகர்களுக்கும் தனிச் சங்கம் 2013இல் பதிவாகியிருக்கிறது. ஒரு தொகை கொடுத்து முடித்துவிடலாம் என்ற உங்கள் எண்ணம், அந்த நிறுவனம் உங்களிடம் காட்டும் அதே எண்ணம் என்பதைக் கவனியுங்கள்.

நிறுவனத்தோடு பேசுமுன் உங்களுக்குள் ஒரு தாள் எழுதுங்கள். எந்தப் பாடலின் வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பதிவுச் செலவில் யார் எவ்வளவு போட்டார்கள், ஒலிப்பதிவு வரவில் யாருக்கு என்ன பங்கு என்பதை நால்வரும் ஆசிரியரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பிணக்குகளில் நிறுவனத்தோடு வந்தவற்றைவிட நண்பர்களுக்குள் வந்தவையே அதிகம், அவையும் பாடல் ஓடத் தொடங்கிய பிறகு வந்தவை.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை 19ஆம் பிரிவை மட்டும் மனத்தில் வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே கொள்ளும். அதனால்தான் "எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று அவர்கள் கவனமாக எழுதியிருக்கிறார்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை, ஆக்கியவரின் ஆயுள் முழுவதும் இருந்து, அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். உங்கள் பேரப்பிள்ளைகளின் காலம்வரை ஓடக்கூடிய ஒன்றுக்கு 60,000 ரூபாய் என்று பார்த்தால் நண்பர்களுக்குப் புரியும்.

கீழக்கரைக் கணக்கர்

மேடைக்காரத் தம்பி சொன்னதை மறுக்கவில்லை. செயலிப் பணம் முதல் ஆண்டுகளில் சிறிதுதான். ஆனால் சிறிது என்பதற்காக விற்றுவிட்டால், மேடையில் பெயர் கிடைத்த பிறகு அந்தப் பெயர் இழுத்துவரும் பணம் வேறொருவர் கணக்கில் சேரும்.

என் யோசனை இதுதான். நிறுவனத்துக்கு ஒலிப்பதிவை மட்டும், ஐந்தாண்டுக்கு உரிமமாகக் கொடுக்க முன்வாருங்கள். வரிகளும் மெட்டும் உங்களிடமே இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பவும், கணக்கைச் சரிபார்க்கவும் வழி கேளுங்கள். அவர்கள் மறுத்தால், இணைய விநியோக நிறுவனங்கள் வழியாக நீங்களே எல்லாச் செயலிகளிலும் ஏற்றலாம். அவற்றில் சில ஆண்டுக் கட்டணம் வாங்குகின்றன, சில வரவில் ஒரு விழுக்காடு எடுக்கின்றன. உரிமை உங்களிடமே இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள், பின்னாளில் விநியோகத்தை மாற்றினாலும் அதே குறியீட்டையே கொடுக்க வேண்டும். நீங்களும் ஆசிரியரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் தனித்தனியே உறுப்பினராகிப் பாடல்களைப் பதியுங்கள். வெளிநாட்டுச் சங்கங்கள் திரட்டும் தொகையும் அதன் வழியாகத்தான் வரும். பெயரின் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டதால் உரியவருக்குச் சேராமல் தேங்கிக் கிடந்த தொகைகளை நான் கணக்கில் பார்த்திருக்கிறேன்.

பாம்பனில் 2016 முதல் இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலிக்கும் அந்த அம்பாப் பாடலை அனுப்புங்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை, அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்த வானொலியைப் படகிலும் கரையிலும் கேட்கிறவர்கள். நிறுவனம் திருத்திய படிவத்தை அனுப்பினால், பெயர்களை மறைத்துவிட்டு ராயல்டிப் பகுதியை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.