"தப்பு" என்று அவள் எழுதிவைத்த கோலம்: யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

இலைப்பதம் (கோத்தகிரி):

இந்தக் கோலப் பகுதியில் பெண்கள்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். எனக்கு 64 வயது, ஆண். தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் டீ மேக்கராக இருந்தவன். பாதி நாள் இரவு ஷிப்ட். விடியற்காலை நான் வீடு திரும்பும்போது என் மனைவி வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். ஓரமாக வரச் சொல்வாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு மூலையை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போவேன். ஒரு நாளாவது நின்று பார்த்ததாக நினைவில்லை.

போன ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய கோல நோட்டு கிடைத்தது. அவள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. முதல் சில பக்கங்கள் என் மாமியாரின் கை, மற்றதெல்லாம் இவள் கை. கோலத்துக்குப் பக்கத்திலேயே "முட்டை 6, மண்ணெண்ணெய் பாக்கி" என்று கணக்கும் எழுதியிருக்கிறாள்.

அன்றிலிருந்து வீட்டின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் தினமும் போட்டுப் பார்க்கிறேன். வாட்டிய இலையை ஒரு பிடி பிடித்து அழுத்தினால் பந்துபோல நிற்க வேண்டும், கையை விரித்தால் மெல்லப் பிரிய வேண்டும். அந்தப் பதம் என் கைக்குத் தெரியும். கோலமாவு மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. ஓரிடத்தில் கட்டியாக விழுகிறது, அடுத்த இடத்தில் விழுவதே இல்லை.

நான் கோயிலுக்கு அதிகம் போகாதவன். கண்ணை மூடினால் கரண்ட் பில் நினைவுக்கு வரும். இதில் மட்டும் அரை மணி நேரம் வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. முழங்கால் வலிகூட எழுந்திருக்கும்போதுதான் தெரிகிறது. இதைத்தான் தியானம் என்கிறார்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். ஒன்று: தலைதிவசம் முடியும்வரை கோலமே கூடாது, அதிலும் ஆண் பிள்ளைக்கு இது எதற்கு என்கிறார் என் அக்கா. திருப்பூரில் இருக்கும் மகள், போடுங்கள் அப்பா என்கிறாள். மார்கழி வருகிறது. வாசலில் போடலாமா?

இரண்டு: நோட்டில் ஒரு கோலம், 6 புள்ளி, 4 வரிசை, நேர்ப்புள்ளி. ஓரத்தில் பென்சிலில் "தப்பு. கம்பி சேரவில்லை" என்று எழுதியிருக்கிறாள். பதினொரு முறை போட்டேன். எனக்கும் கம்பி, அதாவது கோடு, ஒரே சுற்றாகச் சேரவில்லை. எங்கே தவறு?

மலைப்பூண்டு (பூம்பாறை):

அண்ணா, உங்கள் அக்கா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்துத்தான் இது துக்க வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரியும். என் மாமனார் இறந்த வருடம், குழந்தை வேலப்பர் தேருக்கு எங்கள் தெருவே கோலமாக இருந்தது, எங்கள் வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்வேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சில வீடுகளில் பதினாறோடு சரி, சில வீடுகளில் ஒரு வருடம். திவசத்தன்றுகூடக் காரியம் முடிந்த பிறகுதான் கோலம். அதனால் பின்பக்கம் போடுவதைப் போட்டுக்கொண்டே இருங்கள், வாசலை இந்த ஒரு மார்கழிக்கு விட்டுவிடுங்கள். ஆண் என்பதையெல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாவு விஷயம். நம் மலைக்காற்றில் ஈரம் அதிகம், டப்பாவைத் தரையில் வைத்தால் கட்டி தட்டாமல் என்ன செய்யும்? அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். போடுவதற்கு முன் ஒரு முறை சலியுங்கள். பிடி நிறைய அள்ளாதீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் மாவு குவிந்துவிடும்.

சுண்ணக்கட்டி (கூடலூர்):

ஐயா, நான் கணக்கு வாத்தியார். அம்மா போட்டதில் தவறே இல்லை. "தப்பு" என்று எழுதியதுதான் தப்பு.

நேர்ப்புள்ளியில் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பி வெட்டிப் போகும் சாதாரணச் சிக்குக் கோலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. புள்ளி எண்ணிக்கைக்கும் வரிசை எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ, அத்தனை கம்பிதான் வரும். 3-க்கு 4 என்றால் ஒரே கம்பி. 7-க்கு 5 என்றாலும் ஒன்றே. 3-க்கு 3 போட்டால் மூன்று. 6-க்கு 4 என்றால் இரண்டு. யார் போட்டாலும், எத்தனை முறை போட்டாலும் இரண்டுதான்.

ஒரே கம்பியாகத்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்து, அங்கே மட்டும் வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும்.

வெள்ளைத்தொப்பி (குன்னூர்):

செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கோலம் நல்லதுதான். ஆனால் இரவில் தூங்குகிறீர்களா? சாப்பாடு யார் சமைக்கிறார்கள்? இவை சரியில்லை என்றால் கோலத்தை மட்டும் நம்பிக்கொண்டிராமல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஊசிநூல் (ஊட்டி):

துக்கமும் கைவேலையும் சேரக்கூடாது என்று இந்த மலையில் எல்லோரும் நினைக்கவில்லை. இங்குள்ள தோடர் பழங்குடியினரின் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது, கடையில் பையாகவும் பர்ஸாகவும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதே பூத்தையல் போட்ட பூத்துக்குளி என்ற போர்வையில்தான். துணிமேல் படம் வரைந்துகொள்வதில்லை. நூலை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக ஊசி போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் பேச்சுக் கொடுக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரம் இதைத்தான் நினைவுபடுத்தியது.

இலைப்பதம் (கோத்தகிரி):

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அம்மாவுக்கு: சமையல் நானே, ரசம் தேறிவிட்டது. தூக்கம் நான்கு மணி நேரம். முப்பத்தொரு வருட இரவு ஷிப்டைக் கோலம் தீர்த்துவிடாது. ஆனாலும் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன்.

மாவு டப்பா அடுப்படிக்கு வந்துவிட்டது, இப்போது இழை விழுகிறது. வாசலை விட்டுவிட்டேன்.

வாத்தியார் சொன்ன பிறகு 6-க்கு 4-ஐ மறுபடியும் போட்டேன். ஒரு கம்பியை வெள்ளையில் போட்டேன், இன்னொன்றைக் காவியில். ஒன்றாக்கும் வழியையும் சொல்லியிருந்தீர்கள். அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நோட்டில் "தப்பு" என்ற சொல்லை அழிக்கவில்லை, அவள் கையெழுத்து அது. பக்கத்தில் "2" என்று மட்டும் எழுதினேன்.

நேற்றுக் காலை அக்கா வந்திருந்தார். துணி காயப்போடப் பின்பக்கம் போனவர் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஓரமாகவே நடந்து போனார்.

நோட்டில் அடுத்த பக்கம் இடைப்புள்ளி, 7-லிருந்து 4 வரை. அதற்கும் இதே கணக்குத்தானா வாத்தியாரே?