வெயிலும் மில்லும் இல்லாத வீட்டில் சாம்பார் பொடி, ரசப்பொடி அரைப்பது எப்படி?

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் நான், மனைவி, ஐந்து வயது மகள். இத்தனை வருஷமும் சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி மூன்றையும் ஊரிலிருந்து அம்மாதான் அரைத்து அனுப்புவார்கள். இப்போது அவர்களுக்குத் தோள்பட்டை வலி. மிளகாய் ஆய்ந்து, மொட்டை மாடிக்குத் தூக்கி, மில்லுக்கு அலைவதெல்லாம் இனி முடியாது. இந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றாடச் சமையல் எனக்குப் பழக்கம்தான். பொடி அரைப்பதுதான் புதிது.

அம்மாவிடம் அளவு கேட்டால் படிக்கணக்கில் சொல்கிறார்கள். மல்லி ஒரு படி, மிளகாய் அரைப்படிக்குக் கொஞ்சம் தூக்கலாக, வெந்தயம் ஒரு கைப்பிடி என்று. எங்கள் மூன்று பேருக்கு அது எந்த ஜென்மத்தில் தீரும்? இங்கே மூன்றாவது மாடி. பால்கனியில் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில். பக்கத்து மில்லில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். என்னிடம் இருப்பது 750 வாட் மிக்ஸி. ஐப்பசி மழை வேறு வரப்போகிறது.

வெயிலில் காய வைக்காமல் வறுத்து அரைத்தால் கெடாமல் இருக்குமா? சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பொடி போதுமா? மகளுக்குக் காரம் குறைவாக வேண்டும், அதற்காக மிளகாயைக் குறைத்தால் நிறமும் போய்விடுமே, என்ன செய்யலாம்? செய்து பழகியவர்கள் கிராம் கணக்கில் சொன்னால் உதவியாக இருக்கும்.

காவிரிக்கரை:

தம்பி, அம்மா பாரத்தை நீ வாங்கிக்கொண்டாயே, அதற்கே நீ நல்லா இருக்கணும். நான் மயிலாடுதுறைப் பக்கம். என் மாமியார் கையால் பழகியதை அப்படியே சொல்கிறேன்.

வெயில் இல்லையே என்று கவலைப்படாதே. வெயிலில் காய வைத்தாலும் வாணலியில் வறுத்தாலும் முதல் காரியம் ஈரத்தை எடுப்பதுதான். மில்லுக்குக் கொடுப்பவர்களுக்கு நல்ல வெயிலில் சுக்காகக் காய்ந்தாலே போதும், மில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மிக்ஸி பிளேடுக்கு அது போதாது. பருப்பும் மல்லியும் மொறுமொறு என்று இருந்தால்தான் பொடியாகும், அதனால் நீ வறுத்தே ஆகணும். ஆனால் வறுத்த சாமானில் எண்ணெய் மேலே வந்துவிடும். அரைத்த பிறகு காற்றுப் பட்டால் வாசனை சீக்கிரம் இறங்கும், நாளானால் காறல் அடிக்கும். வெயிலில் காய்ந்து மில்லில் அரைத்தது வருஷத்துக்கும் நிற்கும். வறுத்து அரைத்ததை ஒரு மாசத்துக்குள் தீர்த்துவிட்டால் நல்லது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: மாசா மாசம் அரை, கொஞ்சமாக அரை. மூன்று பேர் வீட்டுக்கு ஒரு தடவைக்குக் கால் கிலோ பொடி யதேஷ்டம்.

சாம்பார் பொடிக்கு மல்லி 100 கிராம், மிளகாய் 75 கிராம், துவரம் பருப்பு 30, கடலைப் பருப்பு 30, மிளகு 10, வெந்தயம் 8, மஞ்சள் தூள் 10 கிராம். விரலி மஞ்சளை மிக்ஸியில் போடாதே, பிளேடு போய்விடும். தூளாகவே சேர்த்துக்கொள். உப்பும் வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் பொடி கட்டி தட்டிவிடும்.

குழந்தைக்காக என்கிறாய். அந்த 75 கிராமில் 35 கிராம் நீட்டு மிளகாய், 40 கிராம் காஷ்மீரி மிளகாய் என்று பிரித்துப் போடு. காஷ்மீரிக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. பியாடகி என்று கர்நாடக மிளகாய் ஒன்று, சுருக்கம் சுருக்கமாக இருக்கும், அதுவும் இந்த ஜாதிதான். எது வாங்கினாலும் காம்புப் பக்கம் ஒன்றிரண்டைப் பிட்டுப் பார். உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ பூஞ்சை இருந்தால் அந்த மிளகாயைத் தூக்கிப் போடு. வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. பூஞ்சையின் விஷம் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் போகாது.

இப்போது வறுக்கும் வேலை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதே. அடி கனமான இரும்பு வாணலி, சின்னத் தீ, எண்ணெய் கூடாது. முதலில் கடலைப் பருப்பு. நிறம் மாற நேரமாகும். கரண்டியை விடாமல் ஓட்டு. ஆரம்பத்தில் பருப்பு வாணலியில் சத்தமில்லாமல் நகரும், போகப் போகக் கூழாங்கல் உருள்கிற மாதிரி கலகலக்கும். அப்போது ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்தால் நறுக்கென்று உடையணும், உள்ளே பச்சை மாவு தெரியக் கூடாது. அடுத்தது துவரம் பருப்பு, இதுவும் அப்படியே. பிறகு மல்லி. மல்லிக்குக் கண்ணை நம்பாதே, மூக்கை நம்பு. சூடு ஏறியதும் எலுமிச்சை மாதிரி ஒரு வாசனை கிளம்பும், லேசாகப் பொரியும். அதுதான் பதம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் விட்டாலும் மல்லியின் மணம் வாணலியோடு போச்சு. வெந்தயம் சிவக்கணும், கறுக்கக் கூடாது. கறுத்தால் கால் கிலோ பொடியும் கசக்கும். மிளகு படபடத்ததும் எடுத்துவிடு. கடைசியில் மிளகாய். நெடி ஏறும். ஜன்னலைத் திறந்து வை, குழந்தையை அடுத்த அறையில் விடு. மிளகாய் உப்பிக்கொண்டு, குலுக்கினால் விதை சத்தம் கேட்டால் போதும்.

வறுத்ததை அகலமான தாம்பாளத்தில் பரப்பிவிடு. அதே வாணலியில் விட்டால் சூட்டில் இன்னும் கறுக்கும். முழுசாக ஆறிய பிறகுதான் ஜார். மிளகாயை முதலில் தனியாக அரைத்துவிட்டு மற்றதைச் சேர். விட்டு விட்டு ஓட்டு, ஒரே மூச்சாக ஓட்டினால் ஜார் சூடாகி மணம் பறக்கும். சலித்து, நிற்கிற கப்பியைத் திரும்ப ஓட்டு. அரைத்ததும் பொடி வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே பாட்டிலில் அடைத்தால் உள்ளே வேர்க்கும். திரும்பவும் தாம்பாளத்தில் கொட்டி, மெல்லிய துணியால் மூடி ஆறவிடு. செய்தித்தாளில் கொட்டாதே, மை ஒட்டும்.

ரசப்பொடி தனியாகத்தான் செய்யணும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாம்பார் பொடியில் வெந்தயமும் கடலைப் பருப்பும் இருக்கிறது, ரசத்தில் போட்டால் கொழகொழ என்று அடியில் தங்கும். மல்லி 50 கிராம், துவரம் பருப்பு 25, மிளகு 20, சீரகம் 15, மிளகாய் 10 கிராம். மற்றதை வறுத்துக்கொள், சீரகத்தை மட்டும் வறுக்காதே. அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டு வாணலியில் போட்டு ஒரு புரட்டு புரட்டினால் போதும். நைசாக அரைக்க வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால்தான் ரசம் தெளிவாக நிற்கும். இது கொஞ்ச அளவுதானே, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புதிதாகச் செய்துகொள். மிளகு, சீரக வாசனை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிப்போகும்.

நெல்லைச்சீமை:

அக்கா சொன்ன வறுக்கிற பக்குவம் எல்லாம் சரி. ஆனா பருப்பு விஷயத்தில எனக்கு வேற அபிப்பிராயம். எங்க திருநெல்வேலிப் பக்கம் குழம்பு மிளகாய்த்தூள்ல பருப்பே சேர்க்க மாட்டோம். மல்லி ரெண்டு பங்கு, மிளகாய் ஒரு பங்கு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், அவ்வளவுதான். சாம்பார்ல ஏற்கெனவே பருப்பு வெந்து கிடக்கு, பொடியில வேற எதுக்கு? அந்தத் தூளே புளிக்குழம்புக்கும் ஆகும், மீன் குழம்புக்கும் ஆகும், பொரியலுக்கும் ஆகும். அதோட பருப்பு இருந்தா வண்டு சீக்கிரம் வரும். மூணு பேர் இருக்கிற வீட்ல எதுக்கு இத்தனை டப்பா? அண்ணே, ஒரே தூளா வச்சுக்கோங்க, வேலை மிச்சம். ரசத்துக்கு மிளகும் சீரகமும் அப்பப்பத் தட்டிப் போட்டா அதுக்கு ஈடு எந்தப் பொடியும் கிடையாது.

காவிரிக்கரை:

உங்கள் ஊர்க் குழம்புக்கு அது சரிதான் அம்மா. எங்கள் பக்கம் மசாலாவைப் புதிதாக அரைத்துவிடாத நாளில் சாம்பாரைச் சேர்த்துப் பிடிப்பது பொடியில் இருக்கும் பருப்புதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கமாக நிற்கும். வற்றல் குழம்பிலோ வேகவைத்த பருப்பே கிடையாது, அங்கே பொடிப் பருப்பை நம்பித்தான் குழம்பு திக்காகும். தம்பி, உன் அம்மா தஞ்சாவூர் ஜில்லா என்றால் பருப்போடு செய். நாக்கு எதற்குப் பழகியதோ அதைக் கொடு.

வண்டு பற்றி ஒன்று சொல்லணும். வண்டு பருப்பினால் மட்டும் வருவதில்லை. மல்லி விதையிலேயே முட்டை இருக்கலாம், மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் கூட வரும். வறுத்தால் அந்தத் தொல்லை அடங்கிவிடும். வறுக்காமல் வாங்கி வைத்திருக்கும் மல்லியை ஒரு வாரம் பிரீசரில் வைத்து எடுத்தால் போதும்.

மில்லுக்காரன்:

விருதுநகர்ப் பக்கம் மசாலா மில் வச்சிருக்கோம். தம்பி ஊருக்குப் போகும்போது மொத்தமா அரைக்க நினைச்சா சில விஷயம் தெரிஞ்சுக்கோங்க. உங்களுக்கு முன்னால மில்லுல என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அரப்போ சீயக்காயோ ஓடின மிஷின்ல உங்க பொடியப் போடாதீங்க. மிளகாய் நமுத்து இருந்தா உள்ள ஒட்டிக்கிட்டு சூடு ஏறும், பொடி கறுத்து வரும். எங்ககிட்ட வர்ற பாதிப் பிரச்சினை அதுதான். கிள்ளினா உடையணும், வளையக் கூடாது.

அரைச்சு முடிஞ்சதும் கை வைக்க முடியாத சூட்டுல பொடி விழும். தூக்குவாளியில வாங்குனா வீட்டுக்குப் போற வரைக்கும் மூடிய இறுக்காதீங்க. போனதும் பரப்பிருங்க. மாசி, பங்குனியில ராமநாதபுரம் குண்டு மிளகாய் புதுசா வரும், 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச மிளகாய். வருஷத்துக்கு அரைக்கிறவங்க அப்ப வாங்கி, சித்திரை வெயில்ல காய வச்சு அரைச்சுக்கிறதுதான் எங்க பக்கத்து வழக்கம். ஐப்பசியில வாங்குறது பழைய சரக்கு, அதுவும் ஈரக்காத்துல கிடந்தது.

வடலி:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. இஞ்ச பனிக்காலத்தில வெயிலை நினைச்சும் பாக்கேலாது, அதால நாங்கள் எல்லாத்தையும் வறுத்துத்தான் தூள் செய்யிறம். எங்கட கறித்தூளுக்குப் பருப்பு இல்லை. செத்தல் மிளகாய் (காய்ஞ்ச மிளகாய்), மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. மல்லியைச் சாம்பார் பொடிக்கு வறுக்கிறதை விடக் கூட வறுக்க வேணும், நல்ல மண்ணிறம் வர வேணும். அப்பதான் கறிக்கு அந்தக் கறுத்த நிறமும் மணமும் வரும்.

கறிவேப்பிலையைக் கழுவின உடன வறுக்காதேங்கோ. துணியில விரிச்சு ரெண்டு நாள் நிழலில காய விட்டுட்டு, பிறகு வெறும் சட்டியில வறுத்தா கையால நொருக்கலாம். அதில ஈரம் நிண்டால் முழுத்தூளும் பழுதாப் போகும்.

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் நன்றி. அம்மா தஞ்சாவூர் ஜில்லாதான், பாபநாசம் பக்கம். அதனால் பருப்போடுதான் செய்யப்போகிறேன். நெல்லைச்சீமை சொன்ன தூளையும் மீன் குழம்புக்காகச் சின்ன அளவில் அரைத்து வைக்க ஆசை.

இன்னும் மூன்று சந்தேகம். இட்லிப் பொடிக்கும் இதே பக்குவமா? பெருங்காயம் கட்டியா தூளா? மகளின் தோழி ஒருத்திக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, அடிக்கடி இங்கேதான் சாப்பிடுவாள், அதனால் கேட்கிறேன். பிரிட்ஜில் வைக்கலாமா?

காவிரிக்கரை:

நல்ல வேளை கேட்டாய். கடையில் விற்கும் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மாவு கலந்துதான் இருக்கும். சுத்தப் பிசினின் காட்டத்தைக் குறைக்க மாவும் கருவேலம் பிசினும் சேர்ப்பார்கள். பல டப்பாக்களில் அது கோதுமை மாவு, சிலவற்றில் அரிசி மாவு. கட்டிப் பெருங்காயத்திலும் மாவு இருக்கலாம், கட்டி என்பதற்காக நம்பிவிடாதே. டப்பாவின் பின்பக்கம் சேர்மானம் அச்சடித்திருக்கும், படித்துப் பார்த்து அரிசி மாவு போட்டதாக வாங்கு. சந்தேகமாக இருந்தால் அந்தக் குழந்தை வரும் வீட்டில் பெருங்காயமே இல்லாமல் பொடி செய். பூண்டைத் தாளித்துக்கொண்டால் குறை தெரியாது.

இட்லிப் பொடிக்கு உளுந்து 100 கிராம், கடலைப் பருப்பு 50, மிளகாய் 20, வெள்ளையோ கறுப்போ எள் 20 கிராம், கல் உப்பு. இது அப்படியே சாப்பிடும் பொடி, இதற்கு மட்டும் உப்பு வேண்டும். அந்தக் கல் உப்பையும் வாணலியில் போட்டு ஈரம் போகச் சூடு காட்டி எடு. மிளகாயையும் உப்பையும் முதலில் அரை, அப்புறம் பருப்புகள், அதுவும் ரவை மாதிரி இருக்கும்போதே நிறுத்து. எள்ளைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று. அதிகம் ஓட்டினால் எள் எண்ணெய் விட்டுப் பொடி உருண்டை பிடிக்கும். கொப்பரை சேர்க்க ஆசை இருந்தால் அன்றைக்குத் தேவையானதில் மட்டும் கலந்துகொள், மொத்தப் பொடியில் கலந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

பிரிட்ஜில் தாராளமாக வைக்கலாம், ஆனால் இரண்டாகப் பிரித்து வை. வாரத்துக்கு வேண்டியது சின்னக் கண்ணாடி பாட்டிலில் வெளியே, வெளிச்சம் படாத அலமாரியில். வெளிச்சத்தில் மிளகாய்ப்பொடி நிறம் வெளுக்கும். மீதி, காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில். எடுக்கும்போது உடனே திறக்காதே. அறைச் சூட்டுக்கு வரும் வரை மூடியோடு மேடையில் வை. குளிர்ந்த பொடியில் இந்தச் சென்னைக் காற்றுப் பட்டால் ஈரம் படியும்.

கொதிக்கிற குழம்புக்கு நேராகப் பாட்டிலைக் கவிழ்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்து. ஆவி நேராக உள்ளே போகிறது. தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மூடியைப் போட்டுவிட்டுப் பிறகு அடுப்பண்டை போ. முதல் தடவை அரைத்ததில் ஒரு பிடி அம்மாவுக்கு அனுப்பு. மல்லி வறுபட்டது போதுமா, இன்னும் ஒரு சுற்று வேண்டுமா என்று அவர்கள் மூக்கு சரியாகச் சொல்லும்.