செடி கூப்பிட்டதும் யார் வந்தார்கள்? சேலம், சேர்வராயன் மலை அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: ஏத்தாப்பூர் பக்கம், குச்சிக்கிழங்கு விவசாயி

வணக்கம். செடியும் மரமும் தம்மைச் சுற்றி நடப்பதற்கு எப்படிப் பதில் கொடுக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். படித்ததும் வரட்டும், ஆனால் பார்த்தது முதலில் வரட்டும். என்னுடையதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

மூன்று ஏக்கரில் இரண்டு ஏக்கர் எப்போதும் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான் போடுவோம். பிடுங்கியதும் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும். 2021-ல் ஆறு மாதச் செடியில் உச்சி வளராமல் நின்றது. கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கிப்போய், நுனி இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி முட்டைக்கோஸ் போலக் கொத்தாகிவிட்டன. அப்பா தேமல் நோய் என்றார். ஒரு கொத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில், மாவு தூவினாற்போலப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

மாவுப்பூச்சி எங்களுக்குப் புதிதில்லை. 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, குச்சி எதையும் விட்டுவைக்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஆனால் இது வேறு பூச்சி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியதும் இதுதான். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, அப்புறம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

நான்கு தடவை மருந்தடித்தேன். அதன் மேல் இருக்கும் மெழுகுமாவை மருந்து அவ்வளவு சுலபமாகத் தாண்டாது. பத்து நாளில் பழையபடி வெள்ளை. கடைசியில் கொத்துகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டு எரித்தோம். அந்த வருடம் கிழங்கு விரல் பருமன்தான்.

2022-ல் ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அனாகைரஸ் லோபெஸி என்ற குளவியை வெளியே விட்டார்கள். குளவி என்றதும் கொட்டுவதை நினைக்க வேண்டாம், எள்ளைவிடச் சிறியது. 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன அதே இனம். நமக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்தது. "மருந்தடிக்காமல் விடுங்கள்" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். பூச்சி கண்ணுக்கு எதிரே தின்னும்போது சும்மா நிற்பது லேசில்லை. இருந்தாலும் வடக்கு மூலையில் அரை ஏக்கரை அப்படியே விட்டேன்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பூதக்கண்ணாடியோடு அங்கே உட்கார்ந்தேன். இலையின் அடிப்புறத்தில் கறுப்பாக ஒரு பொட்டு நடந்தது. உணர்கொம்பு இரண்டையும் இலைமேல் தட்டித் தட்டி, குருடர் கோல் ஊன்றிப் போவதுபோலப் போனது. ஒரு மாவுப்பூச்சியைத் தொட்டதும் நின்றது. திரும்பிக்கொண்டது. பின்பக்கத்தை ஒரு குத்து. அவ்வளவுதான், அடுத்ததற்குப் போய்விட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இலையில் பூச்சிகள் பழுப்பாக, உமிபோல உப்பிக் காய்ந்திருந்தன. சிலவற்றில் ஊசி குத்தினாற்போல வட்டமாக ஓட்டை. குளவிக்குஞ்சு வெளியேறின வாசல் அது.

இவ்வளவு பெரிய காட்டில் அது எங்கள் செடியை எப்படிக் கண்டுபிடித்தது? இதை 1980-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாவுப்பூச்சி ஏறிய மரவள்ளிச் செடியின் வாசனை நல்ல செடியின் வாசனையிலிருந்து மாறிவிடுகிறது. குளவி அந்த வாசனை வரும் பக்கம் திரும்புகிறது. பூச்சியே ஏறாத இலையாக இருந்தாலும், அந்தச் செடியின் இலை என்றால் குளவி அதை நாடுகிறது. அப்படியானால் செடி மொத்தமும் பதில் சொல்கிறது என்றுதானே பொருள். 2021-லும் என் செடிகள் இதைச் செய்திருக்கும். வருவதற்கு ஆள் இல்லை, வந்திருக்கக்கூடிய மற்றதையும் நான் மருந்தடித்துத் தீர்த்துவிட்டேன். இதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

பதில்: மேச்சேரி பக்கம், ஆடு மாடு வளர்ப்பவர்

அண்ணா, நீங்கள் சொன்னது கூப்பிடுகிற செடி. நான் பார்த்தது கொல்லுகிற செடி.

மூன்று வருடத்துக்கு முன் மழை ஏமாற்றிய சமயம். சோளத்தட்டு அறுத்த கட்டையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் துளிர்விட்டு, வெயிலில் வாடி நின்றது. கயிறு அவிழ்ந்துபோய் எங்கள் செவலைப் பசு அதில் இறங்கிவிட்டது. கால் மணி நேரம்கூட மேய்ந்திருக்காது. மூச்சு வாங்கியது, வாயில் நுரை, கால் நடுங்கி விழுந்துவிட்டது. கால்நடை மருத்துவர் பக்கத்து ஊரில்தான் இருந்தார். ஓடி வந்து ஊசி போட்டதால் பிழைத்தது. கண் இமையைத் திருப்பிக் காட்டி, உள்ளே எவ்வளவு சிவப்பாக இருக்கிறது பாருங்கள் என்றார். ரத்தத்தில் பிராணவாயு இருக்கும், உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு என்று விளக்கினார்.

அது சயனைடு. சோளம் அதைத் தயாராக வைத்திருப்பதில்லை. அதற்கு வேண்டிய பொருளை ஓரிடத்திலும், அதை உடைக்கும் நொதியை வேறிடத்திலும் பிரித்து வைத்திருக்கிறது. கடித்து மென்றால்தான் இரண்டும் கலந்து விஷமாகும். இளம் பயிரிலும் வறட்சியில் குன்றிய பயிரிலும் அது அதிகம். முற்றினால் குறையும், நன்றாகக் காயவைத்தாலும் குறையும். "குருத்துச் சோளத்தில் மாட்டை விடாதே, கதிர் வந்த பிறகு விடு" என்று என் மாமியார் வருடா வருடம் சொல்வார். தனக்கு வலு இல்லாத வயதில்தான் செடி இவ்வளவு விஷம் வைத்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் குச்சி இலையிலும் இதே கதைதானே? பச்சை இலையைத் தின்று ஆடு செத்ததை எங்கள் பக்கமும் பார்த்திருக்கிறோம்.

பதில்: ஏற்காடு, சிறு காபித் தோட்டக்காரர்

இந்த மலையில் காபி வந்து 200 வருடம் ஆகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்துக்கு அதில் மூன்று தலைமுறைப் பழக்கம். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பூ மழை. தை, மாசியில் காபிச் செடியில் மொட்டு பச்சை அரிசி மாதிரி கணுவில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் சரியாகப் பூக்காது. அதற்கு முதலில் காய்ச்சல் வேண்டும். நன்றாகக் காய்ந்து தவித்த பிறகு ஒரு நல்ல மழை, ஒரு அங்குலமாவது, விழ வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் நாள் எண்ணுவோம். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் மொட்டு வெளுக்கும். பத்தாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால் சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகை வாசம் முகத்தில் அடிக்கும். இந்தப் பக்கத்துத் தோட்டம், எதிர்ச் சரிவு, வேலியோரம் தானாக முளைத்த ஒற்றைச் செடி, எல்லாம் ஒரே நாளில். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த மூன்று நாளும் தேனீ இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும்.

காபிப் பூவின் தேனிலும் காஃபின் உண்டு. தேனீக்குக் கசக்காத அளவுதான். அந்த அளவு காஃபின் குடித்த தேனீ, பூவின் வாசனையை மற்ற தேனீக்களைவிட அதிக நேரம் ஞாபகம் வைத்திருக்கிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. இலையில் பூச்சியை விரட்டும் அதே சரக்கு, பூவில் தேனீயைத் திரும்ப வரவழைக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து காலைக் காபியைக் கையில் எடுத்தால் எனக்கு அந்த இரைச்சல்தான் ஞாபகம் வருகிறது.

இரண்டு, போரர். தண்டு துளைப்பான் வண்டு. தாத்தா காலத்தில் பலா, அத்தி, கல்யாண முருங்கை என்று கலந்து நிழல் இருந்தது. விளைச்சல் கூடும் என்று சொல்லி மேல் பாத்தியில் பெரிய மரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வைத்தோம். மிளகுக்கொடி ஏற்ற அது நல்ல மரம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கன்று வளர்ந்து நிழல் தருவதற்குள் அரபிகாத் தண்டில் நேராக வெயில் பட்டது. போரருக்கு வெயில் படும் தண்டுதான் பிடிக்கும். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்துகொண்டு போகும்.

செடி அதற்கும் பதில் கொடுக்கிறது. புழு குடைந்த பாதைக்கு மேலே திசு தடித்து, தண்டில் வரப்பு மாதிரி மேடு ஓடும். நம் உடம்பில் தழும்பு ஏறுவது மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தண்டைத் தடவினாலே விரலுக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்த அம்மா ஒருவர் அப்படித் தடவித்தான் எந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பது என்று சொல்வார். வண்டு பறக்கும் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். ஒரே வருடத்தில் மேல் பாத்தியில் 300 செடிக்கு மேல் பிடுங்கினோம். கீழ்ப் பாத்தியில், தாத்தாவின் அத்தி மரத்தைச் சுற்றி, ஏழு செடி. இப்போது மேலேயும் கல்யாண முருங்கைக் கொம்பு நட்டிருக்கிறோம். பலாக்கன்று இடுப்பு உயரம் வந்துவிட்டது.

பதில்: சேலம் டவுன், கல்லூரி மாணவி

அக்கா, அண்ணா, எல்லோருடையதையும் படித்தேன். எனக்குத் தோட்டம் இல்லை, மாடியில் பன்னிரண்டு தொட்டி. அதில் ஒன்று தொட்டாற்சிணுங்கி.

அதைத் தொட்டியோடு சில அங்குல உயரத்திலிருந்து மெத்தென்று விழவைத்தால் முதலில் மூடிக்கொள்ளும், திரும்பத் திரும்பச் செய்தால் மூடுவதை நிறுத்திவிடும், ஒரு மாதம் கழித்தும் அது மறக்கவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. நான் தலையணைமேல் வைத்துச் செய்து பார்த்தேன். முதல் நான்கு தடவை மூடியது. பத்துக்கு மேல் பாதிதான் மூடியது. களைத்துவிட்டதோ என்று விரலால் தொட்டேன். சட்டென்று முழுக்க மூடிக்கொண்டது! இலைக்காம்பின் அடியில் இருக்கும் புடைப்பிலிருந்து தண்ணீர் இறங்குவதால்தான் மூடுகிறது என்பது தெரியும். அப்படியானாலும் விழுவதற்கும் தொடுவதற்கும் அது வித்தியாசம் பார்த்ததுபோல் இருந்தது. என் ஒரு தொட்டியை வைத்து முடிவு சொல்லக்கூடாது, பார்த்ததைச் சொன்னேன்.

ஒரு சந்தேகம். காட்டு மரங்கள் வேரில் இருக்கும் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்ளும், தாய் மரம் பிள்ளைக்குச் சோறு அனுப்பும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்

நல்ல கேள்வி அம்மா. 1997-ல் கனடாவில் சுசான் சிமார்டு பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கார்பன் போவதைக் காட்டினார். அது நடந்த ஆய்வு. அதற்கு மேல் கட்டிய தாய்ப்பாசக் கதைகளுக்குக் காட்டில் எடுத்த சான்று போதாது என்று 2023-ல் அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே எழுதிவிட்டார்கள். பூஞ்சை உறவு உண்மை, அளவோடு நம்ப வேண்டும். சந்தேகமே இல்லாத உதாரணம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போ. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது. காட்டில் விழுந்தால் அதற்கு ஏற்ற பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். மாணவர்களை அங்கே கூட்டிப்போகும்போது ஒரு சிட்டிகை விதையை வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டுவேன். மூச்சு விட்டால் பறந்துவிடும்.

காபித் தோட்டக்காரர் தாத்தாவின் அத்தி மரத்தைச் சொன்னார். அதை விட்டுவிடாதீர்கள் ஐயா. "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அது பூக்காமல் இல்லை, காய்க்குள்ளே பூக்கிறது. நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாக ஒரு பெண் குளவி நுழைகிறது. நுழையும்போதே இறகு பிய்ந்துவிடும், திரும்பி வரப்போவதில்லை. உள்ளே மகரந்தம் பூசி, முட்டை வைத்து, அங்கேயே சாகிறது. பிறகு முதலில் பிறக்கும் இறகில்லாத ஆண்கள் வெளியே போக வழி குடைகின்றன. பெண்கள் மகரந்தத்தோடு பறந்துபோகின்றன, அடுத்த அத்தியின் வாசனையைத் தேடி. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்றார்கள். அந்தச் சொத்தை இல்லாவிட்டால் மரமே இல்லை.

பதில்: ஏத்தாப்பூர் பக்கம் (தொடக்கப் பதிவர்)

எல்லோருக்கும் நன்றி. மேச்சேரி அக்கா, ஆமாம், இலையிலும் கிழங்கிலும் அதே சயனைடுதான். அதனால்தான் எங்கள் வீட்டில் ஆட்டுக்கு வாடக் காயவைத்த தழை மட்டும் போடுவார்கள்.

ஆசிரியர் ஐயா அத்தியையும் குளவியையும் பற்றிச் சொன்ன பிறகு இன்று காலை வரப்பில் இருக்கும் ஆமணக்கை உட்கார்ந்து பார்த்தேன். இலைக்காம்பு இலையைச் சேரும் இடத்தில் மருபோல இரண்டு பொட்டு, ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு சொட்டு. தொட்டு நக்கினேன், இனிப்பு. ஆறு எறும்பு வரிசையில் நின்றது. ஒரு பச்சைப்புழுவைக் குச்சியால் எடுத்து அந்த இலையில் விட்டேன். இலையின் பாதிகூடத் தாண்டவில்லை, எறும்புகள் சூழ்ந்து கீழே தள்ளிவிட்டன.

ஒரு வேண்டுகோள். மாவுப்பூச்சி கொத்தைக் கிள்ளினால் உடனே எரிக்காதீர்கள், நான் செய்த தவறு அது. பழுப்பாக உப்பிக் காய்ந்தவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் குளவி உள்ளே இருக்கிறது. எங்கள் வடக்கு மூலையில் இப்போது நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் காகிதப் பையோடு காலை எட்டு மணிக்குள் வாருங்கள், வெயில் ஏறினால் பறக்கத் தொடங்கிவிடும்.