ஆண் எலி சீரம் கலங்கல், பெண் எலி சீரம் தெளிவு: ஏன்?

நாகமலை_நிலா:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் எல்டிஎல் ஏற்பி (ரத்தத்திலிருந்து 'கெட்ட கொழுப்பு' எல்டிஎல்லை செல்லுக்குள் இழுக்கும் புரதம்) நீக்கிய சுண்டெலிகளை வளர்க்கிறேன். ஆணும் பெண்ணும் ஒரே வயது, பத்து வாரமாக ஒரே கொழுப்புத் தீனி. நேற்றுக் காலை ஐந்து மணி நேரம் தீனியை நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்து, சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) குழாய்களில் பிரித்தேன். ஆண்களின் ஆறு குழாயில் நான்கு, கொழுப்பு கூடி, நீராகாரம் மாதிரி கலங்கி நின்றன. பெண்களுடையது அத்தனையும் தெளிந்த இளமஞ்சள்.

வழிகாட்டியோ, "பெண் எலியை விட்டுடும்மா, நாலஞ்சு நாளைக்கு ஒரு ஹார்மோன் சுழற்சி வரும், எண்கள் ஆட்டம் காட்டும்" என்கிறார். மனசு வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290, ஒரே சட்டியில் சாப்பிடும் அம்மாவுக்கு 120. எலிக்கும் அப்பாவுக்கும் காரணம் ஒன்றா?

ஆனையூரான்:
ஒரே சட்டி சரி தங்கச்சி, அப்பா ராத்திரி பரோட்டாக் கடைப் பக்கம் ஒதுங்குவதே இல்லையா?

கல்லீரல்காரன்:
பெண் எலிகளைத் தூக்கிப் போடாதே. 2014-இல் 293 ஆய்வுக் கட்டுரைகளை அலசிப் பார்த்தார்கள். சுழற்சியைப் பார்க்காமல் எடுத்த பெண் எலிகளின் எண்கள் ஆண்களுடையதைவிட அதிகம் ஆடவில்லை. ஒரே கூண்டில் கூட்டமாக வளர்த்தால்தான் இரண்டு பாலிலும் ஆட்டம் கூடியது.

இனி கல்லீரலுக்கு வருவோம். ஆணுக்கு வளர்ச்சி ஹார்மோன் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் மாதிரி: திடீரென்று பீய்ச்சும், அப்புறம் நின்றுவிடும். பெண்ணுக்கு ஊற்று போல ஏறக்குறைய விடாமல் கசியும். அளவைவிட இந்தத் தாளம்தான் முக்கியம். ஸ்டாட்5பி என்ற புரதம் வழியாகக் கல்லீரலில் பல நூறு மரபணுக்கள் ஆண் போக்கா பெண் போக்கா என்பது இதில்தான் முடிவாகிறது. ஆண் எலிக்கு அதே ஹார்மோனை விடாமல் ஏற்றினால் அதன் கல்லீரல் பெண் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கு இன்னும் வியப்பு தீராத சோதனை அது. இதோடு ஈஸ்ட்ரோஜனும் கல்லீரலிலேயே தன் ஏற்பியைப் பிடித்து, கொழுப்பு உண்டாக்கும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது.

அப்பா விஷயத்தில் அவசரப்படாதே. 'நல்ல கொழுப்பு' எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றும் சிஇடிபி புரதம் சாதாரணச் சுண்டெலிக்குக் கிடையாது. அதன் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல்லில்தான் ஓடும். நமக்கு எல்டிஎல்லில் அதிகம். எல்டிஎல் ஏற்பியை நீக்கிய உன் எலிகளில்தான் எல்டிஎல் ஏறும். அம்மாவுக்கு மாதவிடாய் நின்றிருந்தால் எல்டிஎல்லையும் பார்க்கச் சொல்; அதற்குப் பிறகு அது ஏறும்.

நாகமலை_நிலா:
நன்றி அண்ணா. இன்று கூண்டைப் பார்த்தேன். கலங்கிய நான்கும் ஒரே கூண்டு. இரண்டின் வாலில் கடிகாயம். அடுத்த முறை கூண்டு எண்ணையும் குறிக்கிறேன். பெண் எலிகளும் ஆய்வில் இருக்கின்றன, வழிகாட்டி அரைமனதாகச் சம்மதித்துவிட்டார்.

ஆனையூர் அண்ணா, அப்பாவிடம் பரோட்டா பற்றிக் கேட்டேன். "யார் சொன்னா?" என்றார்.