ஓவியர் ஹில்: 1878-க்கு முன்பா, பின்பா?

ஆற்றங்கரை:
ஸ்வீடனின் நிலக்காட்சி ஓவியர் கார்ல் ஃபிரெட்ரிக் ஹில்லைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மனநோய்க் காலத்தில் அவர் வரைந்த கோட்டோவியங்களுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 1849இல் லுண்ட் நகரில் பிறந்தவர். கணிதப் பேராசிரியரான அப்பாவுக்கு மகன் ஓவியனாவதில் விருப்பமில்லை. மீறித்தான் படித்தார், 1873இல் பாரிஸ் போனார். 1878 தொடக்கத்தில் மனம் சிதைந்துவிட்டது. கிடைத்தது நாலு வருடம் சொச்சம். அதற்குள் பாரிஸுக்கு அருகே பார்பிசோன் கிராமத்துப் பக்கம், பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கொரோவின் சாம்பல் பூத்த நிறங்களில் தொடங்கி, 1876இல் நார்மண்டியின் லுக்-சுர்-மெர் கடற்கரையை வரைந்து, 1877 வசந்தத்தில் புவா-லெ-ருவா கிராமத்தின் பூத்த பழமரங்களுக்கு வந்து சேர்ந்தார். அந்த மரங்களைப் பார்த்தால் கண் கூசும், அவ்வளவு வெளிச்சம். இப்படி வளர்ந்தவரை நோயாளியாக மட்டும் நினைவில் வைப்பது அநியாயம்.

மசிக்கோடு:
அநியாயம் எதிர்ப்பக்கமும் நடக்கிறது நண்பரே. 1883இல் குடும்பத்தார் அவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அம்மாவும் சகோதரி ஹெட்டாவும் பார்த்துக்கொண்டார்கள். 1911இல் இறக்கும்வரை 28 வருடம் அந்த வீடுதான். அங்கே ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார்: மான், யானை, புலி, அருவி, எங்கேயும் இல்லாத அரண்மனைகள். மால்மோ கலை அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பே இருக்கிறது. கொரோவைப் பின்பற்றியவர்கள் அன்று பலர். அந்த மானை வரைய ஹில் ஒருவர்தான்.

ஆற்றங்கரை:
'கொரோவைப் பின்பற்றியவர்' என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். 1877இல் வண்ணத்தைத் தடிமனாக அப்பியிருக்கிறார், கொரோவின் மென்மை அதில் இல்லை. பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1875இல் ஒரு படத்தை ஏற்றது, பிறகு திரும்பத் திரும்பத் தள்ளியது. அப்படியும் அவர் கை ஓயவில்லை. பாரிஸின் பாஸி பகுதியில் இருந்த மனநல விடுதியில் சேர்க்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார். இப்போது என்ன செய்கிறார்கள்? அந்தப் படங்களில் ஒரு கருமேகம் தெரிந்தால்கூட 'பாருங்கள், நோயின் அறிகுறி' என்கிறார்கள். மேகம் கறுத்தால் மழை வரப்போகிறது, அவ்வளவுதான்!

கீற்றுநிழல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் 1878இல் ஒரு சுவரை எழுப்பிவிட்டீர்கள். பிந்தைய தாள்களிலும் மலை, அருவி, மரம் எல்லாம் இருக்கிறதே. கண்முன்னே ஆறும் இல்லை, தோட்டமும் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைகிறார். நிலக்காட்சி அவரை விடவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மசிக்கோடு:
பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரங்களில் காற்று இல்லை. பருவமும் இல்லை. பிரான்ஸில் வரைந்த மரத்தைப் பார்த்தால் என்ன மாதம் என்றே சொல்லிவிடலாம். லுண்ட் வீட்டு மரம் வேறு உலகத்து மரம். அதை நினைவு என்று மட்டும் சொன்னால் அவருடைய கற்பனையைக் குறைத்துவிடுகிறோம்.

ஆற்றங்கரை:
காற்று இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்தக் காற்றுதான் வேண்டும். சரி, உங்கள் மானை நான் மறுக்கவில்லை. புதிதாக ஒருவருக்கு ஹில்லைக் காட்டுவதானால் நான் முதலில் புவா-லெ-ருவாவின் பழமரத்தைத்தான் காட்டுவேன்.

மசிக்கோடு:
நான் மானை.