தண்ணி பாலத்தைத் தாண்டிருச்சுங்க அண்ணா

உங்களுக்குப் பிடித்த சொல் எது, அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த சொற்கள் நாலைந்து இருக்கின்றன. எல்லாமே ஒரு வாட்சப் குழுவில் கிடைத்தவை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் மாடித் தோட்டம் பற்றி இணையத்தில் ஒரு வகுப்பு நடந்தது. அதில் சேர்ந்த ஒன்பது பேர் வகுப்பு முடிந்த பிறகும் பிரியவில்லை. பூப்படம் போட்ட காலை வணக்கம் வேண்டாம், ஆளுக்கு ஒரு சேதி சொல்லுவோம் என்று ஆரம்பித்து வைத்தவர் விளாத்திகுளத்து அண்ணாச்சி. நாட்டு நடப்பைத்தான் டிவியே சொல்லிவிடுகிறதே, நாம் வீட்டுச் சேதி சொல்லுவோம் என்றார். பால் திரிந்தது, ஆடு குட்டி போட்டது, பேரனுக்குப் பல் விழுந்தது. இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்குப் பழகிய சொல் இன்னொருவருக்குப் புரியாது. "அப்படின்னா என்னங்க?" என்று யாராவது கேட்பார்கள். அன்றைக்கு முழுக்க அதே பேச்சாகிவிடும்.

நான் பிறந்தது காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம். இருப்பது ஈரோடு. வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில், ஒரு துணி வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டுவேன்.

முதலில் சிக்கிய சொல் அண்ணாச்சியுடையது. ஒரு ஐப்பசிக் காலையில் எழுதியிருந்தார்: "ஒரு வாரமாப் பேஞ்ச மழை இன்னைக்குத்தான் வெறிச்சிருக்கு. உளுந்துல களை எடுக்க ஆள் சொல்லியாச்சு." எனக்குத் திக்கென்றது. வெறி என்றால் எங்களுக்கு வெறிநாய், குடிவெறி. மழைக்கு வெறி பிடித்தால் வெள்ளம்தானே? "ஐயோ, ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுங்களா அண்ணாச்சி?" என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர் ஒரு படம் அனுப்பினார். கழுவி விட்ட மாதிரி வானம், கீழே கன்னங்கரேலென்று கரிசல் மண், அதில் அவருடைய இரண்டு பாதங்கள். மண் அப்பி அப்பிக் கணுக்கால் வரைக்கும் செருப்புப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். மழை நின்றது என்றால் பெய்வது நின்றது, அவ்வளவுதான். விட்டிருக்கிறது என்றால் மறுபடி வரலாம், குடையை மடக்காதே. வெறித்தது என்றால் மேகம் கலைந்து வானம் தெளிந்துவிட்டது, துணியைத் தைரியமாகக் காயப்போடலாம்.

அவர் ஊர்ப் பக்கத்துச் சொற்களை இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1982 இலேயே அகராதியாகத் தொகுத்துவிட்டார். எங்கள் கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000 இல் தொகுத்தார். இரண்டும் இல்லாவிட்டால் எத்தனையோ சொல் காணாமலே போயிருக்கும். அந்த இரண்டு பேருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் வெறித்தல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மண் அப்பிய பாதங்கள்தான். சேதியோடு வந்த சொல் மறப்பதே இல்லை.

கச்சான் வந்த கதை வேறு மாதிரி. மட்டக்களப்புத் தம்பி ஒரு ஆடி மாதத்தில் எழுதினான்: "இண்டைக்குக் கச்சான் அடிக்குது அக்கா, வெளியில இறங்கேலாது." அடுத்த நாளே, "மாமாங்கத்துக்குப் போய்க் கச்சான் வாங்கிக்கொண்டு வந்தன்." அடிக்கிறதை எப்படி வாங்க முடியும்? கேட்டால், அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயராம். கோயில் திருவிழா என்றால் கச்சான் கடை இல்லாமல் இருக்காது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரியும். அதே நாட்களில்தான் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் அடிக்கும். தென்மேற்குக் காற்று மழையையெல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மட்டக்களப்புக்கு வரும்போது வறண்டு நெருப்பாக வரும் என்றான்.

அதுவரைக்கும் பேசாமல் இருந்த பாம்பன் தங்கச்சி அப்போது உள்ளே வந்தாள். "எங்க அப்பாவும் கச்சான்னுதான் சொல்லும். கச்சான் எடுத்தா தென்கடல் பொங்கும், தொழிலுக்குப் போக மாட்டாங்க. வீட்ல காசு இருக்காது." கடலுக்கு அந்தப் பக்கம் உடம்பைச் சுடுகிற காற்று, இந்தப் பக்கம் படகைக் கட்டிப்போடுகிற காற்று. பெயர் ஒன்று. கொண்டல், வாடை, சோழகம் என்று இருவரும் மாறி மாறிக் காற்றுகளாக எண்ணிக்கொண்டே போனார்கள். மேட்டாங்காட்டில் வளர்ந்த நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி நடுநடுவே "மறுகா சொல்றன்" என்பான். மறுகா என்றால் அப்புறம். இப்போது கடையில் யாராவது அவசரப்படுத்தினால் எனக்கும் வாயில் அதுதான் வருகிறது.

இனி சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான சொல்.

மலேசியாவில் கெடா மாநிலத்து அக்கா ஒருவர் குழுவில் இருக்கிறார். அங்கே காலை எட்டு மணி என்றால் நமக்கு ஐந்தரை. நான் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்துக்குச் சரியாக அவருடைய சேதி வந்துவிடும்: "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" அவர்களுக்குக் காலைச் சாப்பாடு பசியாறல். டிபன் என்று சொல்வதில்லை. முதல் நாள் அதைப் படித்தபோது, யாரோ தலையைத் தடவிக் கேட்ட மாதிரி இருந்தது. நாகப்பட்டினத்து அண்ணன் சொன்னார், நாகூரில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலும் காலைச் சாப்பாடு பசியாறல்தானாம். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் போய் இறங்கலாம். அந்தக் கப்பலில் சனங்களோடு இந்தச் சொல்லும் போய் வந்திருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

அக்காவின் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எண்பது வயதுக்கு மேல் நினைவு தப்ப ஆரம்பித்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்பாராம். இருட்டோடு எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொடுப்பது பெரட்டு. பரேடு என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் அப்படி ஆகிவிட்டது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் அது பெரட்டுத்தான் என்று மட்டக்களப்புத் தம்பி சொன்னான். ஆரம்பத்தில் அக்கா, "தோட்டமே இல்லம்மா, வித்துட்டாங்க" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அம்மா அழுதுவிடுவாராம். தினமும் புதிதாகக் கேட்டு, தினமும் புதிதாக அழுதால் யாரால் தாங்க முடியும்? பிறகு ஒரு நாள், "இன்னிக்கு மழைம்மா, பெரட்டு இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். மழையில் பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது, பாலோடு தண்ணீர் கலந்துவிடும். அம்மாவுக்கு அது மறக்கவில்லை. "கூலி போச்சே" என்று முனகிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அதுவும் தினசரிச் சேதி ஆகிவிட்டது. "இன்னிக்கும் மழை" என்று அக்கா எழுதினால், அம்மா நன்றாகத் தூங்கினார் என்று பொருள். அங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் வழக்கமான கேள்வி வரவில்லை. ஏழு மணி வாக்கில் ஒரே வரி: "அம்மா இன்னிக்குப் பசியாறல." யாருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மறுநாளும் அதே வரி. மூன்றாம் நாளும். நான் பாலத்தின் மேல் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. நான்காம் நாள் வந்தது: "அம்மா பசியாறிட்டாங்க. அரை மங்கு கஞ்சி." மங்கு என்றால் கிண்ணம். பால்மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணமும் மங்குதான். சின்ன வயதில் அம்மாவோடு போய் அக்கா துடைத்துக் கொடுத்த மங்கு. அந்த அரை மங்குக் கஞ்சிக்கு நாங்கள் எட்டுப் பேரும் அழுதோம் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு அம்மா தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து, பதினேழாம் நாள் காலை ஐந்தரைக்கு, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று வந்தது. "இன்னும் இல்லீங்க அக்கா, இட்லி வெந்துட்டிருக்குது" என்று நான்தான் முதலில் பதில் போட்டேன். என் மகள் இப்போது டிபன் என்ற சொல்லையே விட்டுவிட்டாள்.

என் பங்குக்கு நான் கொடுத்தவை இரண்டு. ஒன்று இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம். எங்கள் ஊர்க் கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் காடுகளுக்கு, நடுவே அப்படித்தான் நடந்து போவோம். வேலி முழுக்கப் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும். கௌதாரி குடுகுடுவென்று குறுக்கே ஓடும். அண்ணாச்சிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. இப்போது வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டே வருகிறார்கள். கம்பி வேலிக்கு நடுவில் போகிற தடத்தை இட்டேரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று ஒறம்பரை. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை நாங்கள் அப்படிச் சொல்லுவோம். அண்ணாச்சி தன் மகளைக் கல்லூரியில் சேர்க்க ஈரோடு வந்தபோது, "நாளைக்கு ஒறம்பரை வர்றாங்க" என்று என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எந்த வழியில ஒறம்பரை?" என்றார். அப்பா வழியா, அம்மா வழியா என்று கேட்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "போன்ல பேசற வழியில" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, வரட்டும் என்று எழுந்து போய் ஒப்புட்டுக்கு, அதாவது போளிக்கு, கடலைப்பருப்பு ஊறப்போட்டார்.

அண்ணாச்சி வந்தார். குழுவில் அவ்வளவு பேசுகிறவர் நேரில் கூச்சப்பட்டுத் திண்ணை ஓரமாகவே உட்கார்ந்துகொண்டார். அவர் மகள்தான் பேசினாள். இலை போட்டு அரிசி பருப்புச் சோறு வைத்து, நடுவில் குழி பறித்து அம்மா நெய் ஊற்றினார். "வெஞ்சனம் எதுவும் வேண்டாம்மா, இதுவே போதும்" என்றார் அண்ணாச்சி. அம்மா என்னைப் பார்த்தார். "தொட்டுக்கறதும்மா" என்றேன். "வெஞ்சனம்" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அப்புறம் உள்ளே போய், வேண்டாம் என்றவருக்கு ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது மகளின் கையில் ஒப்புட்டுப் பொட்டலம். "ஒறம்பரை வெறுங்கையோட போகக் கூடாது" என்றார் அம்மா.

கடைசியாகப் பாலத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்து அண்ணனுக்கு வயல் தலைஞாயிறு பக்கம். அது கடைமடை. ஆற்றில் வரும் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு கடைசியில் போய்ச் சேரும் மடை. மேட்டூரில் ஜூன் 12 இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கிளை பிரிந்து அவர் வயலுக்கு வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். அந்த நாட்களில் அவருடைய சேதி எல்லாமே தண்ணீர்தான். எனக்கோ அந்தத் தண்ணீர் அவருக்கு முன்னாலேயே தெரியும். அணை திறந்ததும் பாலத்துக்குக் கீழே தேங்கிக் கிடந்த ஆகாயத்தாமரை மெல்ல நகர ஆரம்பிக்கும், தண்ணீரின் நிறம் மாறும். ஆண்டுதோறும் அதைப் பார்த்ததும் எழுதுவேன்: "தண்ணி பாலத்தைத் தாண்டிருச்சுங்க அண்ணா." முதல் வருடம் கெடா அக்கா பயந்துபோனார், பாலத்துக்கு மேல் வெள்ளம் போகிறது என்று நினைத்து.

2024 இல் ஜூன் 12 க்கு அணையைத் திறக்கவில்லை. திறக்கத் தண்ணீர் இல்லை. அண்ணன் ஒரு மாதம் சேதியே போடவில்லை. நான் தினமும் பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பேன், ஆகாயத்தாமரை அசையாமல் கிடக்கும். ஜூலை 28 இல்தான் திறந்தார்கள். அதற்குள் கர்நாடகத்தில் பெய்த மழையில் அணையும் நிரம்பி, சில நாளில் எங்கள் பாலத்துக்கு அடியில் செக்கச் செவேலென்று பாய்ந்தது. கரையோரத்து வீடுகளில் பாத்திரம் பண்டமெல்லாம் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். நான் எழுதினேன். அண்ணனிடமிருந்து பதில்: "பார்த்தேன் தங்கச்சி. கொள்ளிடத்துல கடலுக்குப் போவுது." குறுவை நெல் அவருக்கு அந்த வருடம் இல்லாமலே போனது.

பிறகு ஒரு நாள் மாலை படம் ஒன்று வந்தது. வெடித்துக் கிடந்த வாய்க்காலுக்குள் நாக்கு நீட்டின மாதிரி கொஞ்சம் தண்ணீர். முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் சருகும் குச்சியும். ஒரு நாய் பின்வாங்கி நின்று அதைப் பார்க்கிறது. கீழே எழுதியிருந்தார்: "கடைமடைக்கு வந்திருச்சு தங்கச்சி. உன் பாலத்துத் தண்ணிதான்."

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம தண்ணி அங்க ஒறம்பரைக்குப் போயிருக்குதாட்ட இருக்குது" என்றார்.