மொறிஸ் மைனர்: பொயின்ற்றைக் கழற்றிப்போட்டு எலெக்ரோனிக் போடலாமோ?

கேள்வி (கிளிநொச்சி)
மைனர் 1000, 1098 சிசி, லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சு அனுப்புற பகுதி). அதுக்குள்ளை கொயில் மின்சாரத்தைத் தொட்டு விடுற பொயின்ற்றின்ரை இடைவெளியை 0.015 அங்குலத்திலை வைச்சாலும் ரெண்டு மாதத்திலை குறைஞ்சுபோகுது, முகமும் கருகுது. உள்ளுக்கை வைக்கிற எலெக்ரோனிக் கிற் போட யோசனை. பற்றரி, டைனமோ பழையபடிதான். என்ன பார்க்கவேணும் அண்ணையவை?

பதில் (வவுனியா)
தம்பி, முதல் பற்றரியிலை எந்த முனை பொடிக்குப் போகுதெண்டு பாருங்கோ. மைனர் தொழிற்சாலையிலையிருந்து வந்தது பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின்ரை பொசிற்றிவ் முனைதான் பொடிக்குப் போகும். நெகற்றிவ் எர்த் கிற்றை அதிலை பூட்டினால் சாவி திருப்பின உடனை மொடியூல் (கிற்றின்ரை எலெக்ரோனிக் பகுதி) போயிடும், திருத்தேலாது. பொசிற்றிவ் எர்த் கிற்றெண்டே கேட்டு வாங்குங்கோ.

காரை நெகற்றிவ் எர்த்துக்கு மாத்துறதெண்டால் பற்றரி வயரையும் கொயில் வயர் ரெண்டையும் திருப்பவேணும். பிறகு சார்ஜை ஒழுங்குபடுத்துற கொன்ரோல் பெட்டியிலை எஃப் வயரை (டைனமோவின்ரை ஃபீல்ட் வயர்) கழற்றி, பற்றரியின்ரை லைவ் முனையிலை ரெண்டு மூண்டு தரம் தொட்டு எடுக்கவேணும். சின்னப் பொறி பறக்கும். இதை விட்டால் டைனமோ பழைய பக்கத்துக்கே சார்ஜ் குடுத்து கட்அவுட்டை (டைனமோவைப் பற்றரியோடை தொடுத்துக் கழற்றுற சுவிச்சு) எரிச்சுப்போடும். பழைய ரேடியோ கிடந்தால் அதையும் கழற்றுங்கோ.

பதில் (மாங்குளம்)
கொயில் வயர் ரெண்டையும் கழற்றி மீற்றர் பிடியுங்கோ. 3 ஓம் காட்டவேணும். 1.5 எண்டால் அது தனித் தடையோடை ஓடுற பலாஸ்ற் கொயில், மொடியூலைச் சுடும். என்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டு விட்டாலும் அதே கதிதான்.

டிஸ்ரிபியூட்டரின்ரை உள்தட்டையும் அதின்ரை பொடியையும் தொடுக்கிற குட்டி எர்த் வயரை விரலாலை இழுத்துப் பாருங்கோ. வக்கூம் இழுப்பாலை அந்தத் தட்டு ஆட ஆட அது உள்ளுக்கை இழை இழையா அறும், துணி உறை மட்டும் முழுசாத் தெரியும். "எலெக்ரோனிக் மிஸ் அடிக்குது" எண்டு வாற முறைப்பாட்டிலை இதுவும் ஒண்டு. பிளக் வயரும் வெறும் செம்புக் கம்பியாய் இருக்கக்கூடாது, தடையுள்ள வயர் போடுங்கோ. ரைமிங் (பொறி விழுற நேரம்) கட்டாயம் திரும்ப வைக்கவேணும்.

பதில் (புதுக்குடியிருப்பு)
காசு செலவழிக்க முதல் ஒண்டு. பொயின்ற் முகம் கருகினால், அதிலை பொறி பறக்காமல் அடக்கிற கண்டென்சரைச் சந்தேகப்படுங்கோ. இடைவெளி குறையிறது, சுழலுற காமிலை உரசுற பொயின்ற்றின்ரை குதி தேயிறதாலை: காமிலை கிறீஸ் இல்லை, இல்லாட்டி எங்கடை செம்புழுதி அதோடை குழைஞ்சு அரைக்குது. துடைச்சு, ஒரு பொட்டுக் கிறீஸ் தடவி, புதுக் கண்டென்சர் போட்டுப் பாருங்கோ. டிஸ்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டிலை ஆட்டினால் அசையுதெண்டால் புஷ் தேய்ஞ்சிட்டுது. அப்பதான் கிற் போட்ட காசுக்குப் பலன். ஆனால் வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கிற அட்வான்ஸ் பாரம், ஸ்பிறிங் இறுகிக் கிடந்தால் எந்தக் கிற்றும் அதைத் திருத்தாது.

என்னத்தைப் பூட்டினாலும் செற் பண்ணின பொயின்ற் தட்டை, கண்டென்சரோடை காருக்குள்ளையே வைச்சிருங்கோ. மொடியூல் சொல்லாமல் சாகும்; ஏ9 ஓரத்திலை ஒரு ஸ்குறூ டிறைவரோடை வீட்டை வந்து சேரலாம்.